காட்டிக்கொடுக்காத உளவாளிகள்: 'தி மாட் ஸ்குவாட்' தொடரை மீண்டும் பார்க்கையில்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: 1960களின் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'தி மாட் ஸ்குவாட்' தொடரைச் சிலர் தன் காலத்தை மீறிய முற்போக்குத் தொடர் என்கிறார்கள், வேறு சிலர் முடி வளர்த்த போலீஸ் விளம்பரம் என்கிறார்கள், இன்று முதன்முறையாகப் பார்க்க நினைப்பவர் எதை நம்புவது, எங்கிருந்து தொடங்குவது?

இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் அது பதில் ஆகாது. என் கணிப்பில், இந்தத் தொடரின் பலம், பலவீனம் இரண்டுமே முதல் கதையில் அதன் நாயகர்களுக்குக் கொடுக்கப்படும் ஒரே ஒரு வாக்குறுதியில் அடங்கியிருக்கின்றன. அந்த வாக்குறுதி என்ன, அது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று பார்த்துவிட்டால், தொடரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

தொடரை அறியாதவர்களுக்காக முதலில் கதைச் சுருக்கம். 1968 செப்டம்பர் 24 முதல் 1973 மார்ச் 1 வரை ஏபிசி நிறுவனம் ஐந்து சீசன்களாக ஒளிபரப்பிய இத்தொடரில், சட்டத்தின் பிடியில் சிக்கிய மூன்று இளைஞர்களுக்கு லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையைச் சேர்ந்த கேப்டன் ஆடம் கிரீர் ஒரு வழி காட்டுகிறார்: வழக்கைச் சந்திப்பதற்குப் பதிலாக அவருக்குக் கீழே மப்டியில் வேலை பார்க்கலாம். பீட் காக்ரன் பெவர்லி ஹில்ஸ் பணக்கார வீட்டுப் பிள்ளை. பெற்றோர் வீட்டை விட்டு வெளியேற்றிவிட, கார் திருடி மாட்டிக்கொண்டவன். லிங்கன் ஹேஸ், எல்லோருக்கும் லிங்க், லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் பெரிய குடும்பமொன்றில் பிறந்த கறுப்பின இளைஞன். 1965ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கைதானவன். ஜூலி பார்ன்ஸ், பாலியல் தொழில் செய்த தாயை விட்டு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஓடிவந்து, போக்கிடமின்றித் திரிந்ததற்காகப் பிடிபட்டவள். மைக்கேல் கோல், கிளாரன்ஸ் வில்லியம்ஸ் III, பெகி லிப்டன் ஆகியோர் இந்த மூவராகவும், டைக் ஆண்ட்ரூஸ் கிரீராகவும் நடித்தார்கள்.

தொடருக்குச் செய்யப்பட்ட விளம்பர வாசகம் இன்றும் நினைவுகூரப்படுவது: 'ஒருவன் கறுப்பு, ஒருவன் வெள்ளை, ஒருத்தி பொன்முடி.' ஆண்கள் இருவரையும் நிறத்தால் எண்ணிவிட்டு, பெண்ணை மட்டும் கூந்தலால் எண்ணிய அந்த வாசகத்திலேயே, இத்தொடர் எதில் முன்னே நின்றது, எதில் பின்தங்கியது என்பது எழுதி ஒட்டியதுபோல் தெரிகிறது.

இனி அந்த வாக்குறுதி. போலீஸ் சீருடை தலைகாட்ட முடியாத இடங்களுக்கு, அதாவது கல்லூரி வளாகங்களுக்கும், இரவு விடுதிகளுக்கும், ஹிப்பிகள் கூட்டாக வாழ்ந்த வீடுகளுக்கும், இந்த மூவரும் சந்தேகமின்றி நுழைய முடியும் என்பதுதான் கிரீரின் கணக்கு. ஒற்றனுக்குத் துறவி வேடம் பொருந்தும் என்பது நமக்குப் பழைய செய்தி. 1968இல் கலிபோர்னியாவில் துறவியாகத் தெரிந்தவன் ஹிப்பிதான். ஆனால் கிரீர் ஒரு நிபந்தனையையும் தானே வைக்கிறார்: அவர்கள் வேட்டையாட வேண்டியது தங்கள் வயதினரை அல்ல, அந்த வயதினரைச் சுரண்டிப் பிழைக்கும் பெரியவர்களை. போதைப்பொருளை விற்பவனைத்தான் பிடிக்க வேண்டும், அதை வாங்கிக் கெடும் பையனை அல்ல. துப்பாக்கியும் வழக்கமாக அவர்கள் கையில் இருக்காது.

இந்த நிபந்தனை இல்லாமல் தொடரே இல்லை. நண்பர்களோடு பழகி, அவர்கள் சோற்றைத் தின்று, பிறகு போலீசில் சொல்பவனை எந்த மொழியிலும் யாரும் நாயகன் என்று அழைப்பதில்லை. நம் ஊரில் அவனுக்கு எட்டப்பன் என்று பெயர் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். இந்தச் சிக்கலை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் கோல். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கும் கதையில் நடிக்க விருப்பமில்லை என்று அவர் தயாரிப்பாளர் ஏரன் ஸ்பெல்லிங்கிடம் வெடுக்கென்று சொன்னதாகவும், அந்த வெடுக்கென்ற குணத்துக்காகவே ஸ்பெல்லிங் அவரைத் தேர்ந்தெடுத்ததாகவும் அந்தத் தொடரைப் பற்றிய பேச்சில் வழக்கமாகக் கூறப்படும். மறுத்தவனையே சேர்த்துக்கொண்டால் மறுப்புக்கும் உள்ளே இடம் கிடைத்துவிடும். ஸ்பெல்லிங்கின் தொழில் சாமர்த்தியம் முழுவதும் இதில் இருக்கிறது.

கதையின் மூலம் பட் ரஸ்கின் என்பவருடையது. அவர் 1950களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸில் போதைமருந்துக் குற்றங்களைத் துப்பறிந்த இளம் மப்டி போலீஸ் குழுவில் பணிபுரிந்தவர். அந்த அனுபவத்தை வைத்து எழுதிய கதை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1960இல் இதை யார் சீண்டியிருப்பார்கள்? 1968இல் நிலைமை வேறு. மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களில் மூன்றாவது இடத்தில் இருந்த ஏபிசிக்கு இளம் பார்வையாளர்கள் தேவைப்பட்டார்கள். ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும், ஜூனில் அதே லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஒரு ஹோட்டலில் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டார்கள். ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே போலீசார் இளைஞர்களைத் தடியால் அடித்ததை நாடு முழுவதும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. அடுத்த மாதமே, அதே தொலைக்காட்சிப் பெட்டியில், தடியடி வாங்கியவர்களைப் போன்ற தோற்றமுடைய மூவர் போலீசாக வந்து நின்றார்கள்.

அந்தச் செப்டம்பரின் ஒரே வாரத்தில் மூன்று போலீஸ் தொடர்கள் தொடங்கின என்பது இன்று திரும்பிப் பார்க்கையில் வியப்பாக இருக்கிறது: 20ஆம் தேதி 'ஹவாய் ஃபைவ்-ஓ', 21ஆம் தேதி 'ஆடம்-12', 24ஆம் தேதி இது. முதலிரண்டும் சட்டத்தின் பக்கம் நின்று உலகைப் பார்த்தவை. அவற்றுக்கு முன்னோடியான 'டிராக்நெட்' தொடர் 1967 ஜனவரியில் எல்எஸ்டி போதையைப் பற்றி ஒளிபரப்பிய கதையை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று விளங்கும். அதில் வரும் பையன் முகத்தில் பாதி நீலம், பாதி மஞ்சள் பூசிக்கொண்டு, மண்ணில் தலையைப் புதைத்தபடி கிடக்கிறான். போலீஸ்காரர்கள் மேலே நின்று குனிந்து பார்க்கிறார்கள். கேமராவும் அவர்களோடுதான் நிற்கிறது. 'மாட் ஸ்குவாட்' செய்த மாற்றம், அந்தக் கேமராவைக் கீழே இறக்கிப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. மாணவர் போராட்டம், போர் எதிர்ப்பு, வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களின் தவிப்பு, போலீஸ் அத்துமீறல், கருக்கலைப்பு, சேரி வீடுகளுக்கு வாடகை வசூலிக்கும் முதலாளிகள் என்று அன்றைய செய்தித்தாளில் இருந்ததெல்லாம் கதையாக வந்தது. கதையின் பரிவு பெரும்பாலும் பலவீனமானவர் பக்கமே இருந்தது. முற்போக்குத் தொடர் என்பவர்கள் சொல்வது இதைத்தான். இதில் பொய் இல்லை.

ஆனால் வெளியே உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1970-71 சீசனில் இத்தொடர் பார்வையாளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே 11ஆம் இடத்தைப் பிடித்தது. அதுவே அதன் உச்சம். அதே சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான், 1971 மார்ச் 8 இரவில், பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் இருந்த, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அலுவலகத்தின் பூட்டை உடைத்து உள்ளே போன சில குடிமக்கள் கோப்புகளை அள்ளிவந்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். மாணவர் அமைப்புகளிலும் கறுப்பின அமைப்புகளிலும் அரசு எவ்வளவு ஆழமாக உளவாளிகளை நுழைத்திருந்தது என்பது அதன் பிறகு படிப்படியாக வெளியே வந்தது. 1956இலிருந்து நடந்துவந்த 'கோயின்டெல்ப்ரோ' என்ற ரகசியத் திட்டத்தின் பெயர் மக்களுக்குத் தெரியவந்ததும் அந்தக் கோப்புகளால்தான். அந்தத் திட்டத்தின் உளவாளிகள் போதைப்பொருள் முதலாளிகளைத் தேடிப் போகவில்லை; கூட்டம் நடத்தியவர்களையும், துண்டறிக்கை கொடுத்தவர்களையும் கண்காணித்தார்கள், ஒருவருக்கொருவர் சந்தேகம் மூளும்படி வேலை செய்தார்கள்.

இப்போது கிரீரின் வாக்குறுதியை மறுபடி பாருங்கள். செவ்வாய்க்கிழமை இரவில் திரையில் வந்த உளவாளி தன் தலைமுறையைக் காப்பாற்றினான். மறுநாள் காலை கல்லூரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உளவாளி அதே தலைமுறையைக் குறிப்பெடுத்தான். தொடரை எழுதியவர்கள் இதை மறைக்கத் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. ஆனால் 'நம்மிடையே மப்டியில் வருபவன் நல்லவன்தான்' என்ற எண்ணத்தை வாரந்தோறும் ஒரு மணி நேரம் விதைத்ததில் இந்தத் தொடருக்குப் பங்கு உண்டு. போலீஸ் விளம்பரம் என்று சொல்பவர்கள் இன்னும் கூர்மையாகச் சொல்ல வேண்டியது இதைத்தான். அவர்களோ பொதுவாக உடையையும் பேச்சையும் கிண்டல் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள்.

பிறகு எதற்காக இதைப் பார்க்க வேண்டும்? என் பதில் ஒரு நடிகர்: கிளாரன்ஸ் வில்லியம்ஸ் III.

அவர் நியூயார்க்கில் 1939இல் பிறந்தவர். அதே பெயருடைய ஜாஸ் இசைக் கலைஞரான தாத்தாவும், பாடகி ஈவா டெய்லரான பாட்டியும் வளர்த்த பிள்ளை. ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்துவிட்டு நாடக மேடைக்கு வந்து, 1965இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். இந்தப் பின்னணியோடு வந்த ஒருவருக்கு, ஒரு போலீஸ் தொடரில் மூன்றில் ஒரு பங்கு வசனம் கொடுத்தால் என்ன செய்வார்? வில்லியம்ஸ் கொடுத்ததையும் குறைத்துக்கொண்டார் என்றே தோன்றுகிறது. பீட் கோபத்தைக் கொட்டுவான், ஜூலி கண்கலங்குவாள், கிரீர் மேசையைத் தட்டுவார். லிங்க் கறுப்புக் கண்ணாடியும் பெரிய ஆஃப்ரோ முடியுமாகச் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். எல்லோரும் பேசி முடித்த பிறகு கழுத்தை லேசாகச் சாய்த்து 'சாலிட்' என்பான். சம்மதம், அவநம்பிக்கை, கேலி, களைப்பு, விடைபெறுதல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். எந்த முறை எந்தப் பொருள் என்பதைக் குரலின் கனத்திலிருந்துதான் கண்டுகொள்ள வேண்டும். சென்னைத் தெருவில் 'சரிப்பா' என்ற ஒற்றைச் சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அறிந்தவர்களுக்கு இந்த வித்தை உடனே பிடிபடும்.

இதில் கவனிக்க வேண்டியது, பாத்திரத்தின் பின்கதை நடிப்போடு பொருந்துகிற விதம். வாட்ஸ் கலவரம் 1965 ஆகஸ்ட் 11 அன்று நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஒருவர் கறுப்பின இளைஞர் ஒருவரின் காரை நிறுத்தியதில் தொடங்கி, ஆறு நாளில் 34 உயிர்களைக் கொண்டுபோனது. அதிலிருந்து வந்தவன் மூன்றே ஆண்டுகளில் அதே நகரத்துப் போலீசின் அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறான். எழுத்தாளர்கள் இந்த முரணைச் சில கதைகளில் தொட்டார்கள், பல கதைகளில் மறந்தே போனார்கள். வில்லியம்ஸ் ஒரு கதையிலும் மறக்கவில்லை. நிலையத்துக்குள் நிற்கும்போதெல்லாம் அவர் உடம்பு வாசலைப் பார்த்தபடியே இருப்பதாக எனக்குத் தோன்றும். அந்த வாக்குறுதியை அவன் முழுதாக நம்பவில்லை என்பதை வசனமே இல்லாமல் ஐந்து ஆண்டுகள் நடித்துக் காட்டியிருக்கிறார். தொடருக்குள்ளேயே இருந்துகொண்டு தொடரைக் கேள்வி கேட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

பெகி லிப்டனின் புகழ் அன்று வில்லியம்ஸின் புகழைவிடப் பெரிது. நீண்ட நேரான முடி, மணிமாலை, தரையைத் தொடும் கால்சட்டை என்று அவர் உடுத்தியதை நாடெங்கும் பெண்கள் பின்பற்றினார்கள். 1970ஆம் ஆண்டுக்கான கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. ஆயினும் ஜூலிக்கு எழுதப்பட்ட வேலை மெலிதானது: தூண்டிலில் புழுவாக அனுப்பப்படுவாள், கடத்தப்படுவாள், காப்பாற்றப்படுவாள். லிப்டனின் தயங்கிய, கொஞ்சம் வெட்கிய பேச்சு மட்டும் அந்தப் பாத்திரத்துக்கு எழுத்தில் இல்லாத உயிரைக் கொடுத்தது. பல ஆண்டுகள் கழித்து 'ட்வின் பீக்ஸ்' தொடரில் உணவக உரிமையாளர் நார்மாவாக அவர் வந்தபோது, அந்தத் தயக்கம் நடுத்தர வயதின் நிதானமாக மாறியிருந்ததைப் பார்க்கலாம். மைக்கேல் கோலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை; கோபக்கார வெள்ளை இளைஞன் என்ற வார்ப்பு அவருக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. டைக் ஆண்ட்ரூஸ் அப்படியல்ல. கரடுமுரடான முகமும் தந்தையின் அங்கலாய்ப்புமாக அவர் இல்லாவிட்டால், அந்த வாக்குறுதியை ஒரு குழந்தைகூட நம்பியிருக்காது.

பழசாகிப் போனவற்றையும் சொல்ல வேண்டும். வாலிபர் வட்டார வழக்கு என்று எழுத்தாளர்கள் கேட்டறிந்து போட்ட சொற்களில் 'சாலிட்' தவிர மற்றவை ஊறுகாய் ஜாடியில் பூத்ததுபோல் இருக்கின்றன. தலைப்பில் உள்ள 'மாட்' என்பதே பிரிட்டனில் 1960களின் தொடக்கத்து நாகரிக இளைஞர்களுக்கு வழங்கிய பெயர். தொடர் வந்த நாளிலேயே அது கொஞ்சம் ஆறிய சோறுதான். சண்டைக் காட்சிகள் ஒரே அச்சில் வார்த்தவை. தீராத சமூகச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஐம்பது நிமிடத்தில் ஒரு கெட்டவனைக் கைது செய்து முடித்துவிடும் வழக்கம்தான் எல்லாவற்றையும்விட அலுப்பூட்டுவது: சேரியின் துயரம் முழுவதும் ஒரு வீட்டுக்காரரின் கையில் விலங்கு மாட்டியதும் தீர்ந்துவிடுகிறது. மாறாக, ஏர்ல் ஹேகனின் இசை இன்னும் புதிதாகவே ஒலிக்கிறது. 'ஆண்டி கிரிஃபித்' தொடருக்குக் கிராமத்துச் சீழ்க்கையைத் தந்த அதே மனிதர் இங்கே பதற்றமான ஜாஸைத் தந்திருக்கிறார். தலைப்புக் காட்சியில் இருட்டுக்குள் மூவரும் ஓடுகிறார்கள். யாரையோ பிடிக்கவா, யாரிடமிருந்தோ தப்பவா என்று என்னால் இன்றும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

இதன் வாரிசு என்று சொல்லத்தக்கது '21 ஜம்ப் ஸ்ட்ரீட்'. ஜானி டெப்பை நாடறியச் செய்த அந்தத் தொடர் 1987இல், அப்போதுதான் பிறந்திருந்த ஃபாக்ஸ் நிறுவனத்தில் தொடங்கியது. பள்ளி மாணவர்களைப் போல் தோற்றமளிக்கும் இளம் போலீஸ்காரர்கள் வகுப்பறைக்குள் போகும் கதை. நடிப்பும் பல கதைகளும் நன்றாகவே இருக்கும். ஆனால் பழைய வாக்குறுதி அங்கே சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. கேமரா மாணவர்களைப் பரிவோடு பார்த்தாலும், கதை முடிவில் விலங்கு பல நேரம் மாணவர் கையில்தான் விழுந்தது. அதற்கு அடிப்படையாக அமைந்ததாகக் கூறப்படுவது லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை 1974இல் தொடங்கிய பள்ளி உளவுத் திட்டம். மாணவர் வேடத்தில் போன அதிகாரிகள் வகுப்புத் தோழர்களிடம் போதைப்பொருள் கேட்டு வாங்கி, பிறகு அவர்களையே கைது செய்தார்கள். பெரிய வியாபாரிகளை விட்டுவிட்டுச் சிறு அளவில் கைமாற்றும் பிள்ளைகளைப் பிடிக்கிறது, சிறப்புக் கல்வி பெறும் மாணவர்களும் இதில் சிக்குகிறார்கள் என்ற கண்டனம் அந்தத் திட்டத்துக்கு நெடுங்காலம் இருந்தது. தெற்குக் கலிபோர்னியாவின் டெமெக்யூலாவில் இதே முறையில் நடந்த ஒரு நடவடிக்கையில் 2012 டிசம்பரில் 22 மாணவர்கள் கைதானபோது அந்தக் கண்டனம் மீண்டும் எழுந்தது. கிரீர் தன் மூவரிடம் 'செய்யாதே' என்று சொன்னது எதுவோ, அதுவே வெளியே நடைமுறையானது.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் கதையான 'பாரகுடாவின் பற்கள்' கட்டாயம். வாக்குறுதியை அங்கேதான் கேட்பீர்கள். அடுத்து, முதல் சீசனில் சாமி டேவிஸ் ஜூனியர் பாதிரியாராக வரும் கதை. கொலைகாரன் ஒருவனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டதால் அவர் உயிருக்கே ஆபத்து வருகிறது. ரகசியத்தைச் சொல்லாமல் காப்பதே கடமையாகக் கொண்ட ஒருவரை, ரகசியத்தைப் போய்ச் சொல்வதே தொழிலாகக் கொண்ட மூவர் காப்பாற்ற முயல்வதில் உள்ள வேடிக்கை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று யோசித்துக்கொண்டே பார்க்கலாம். மூன்றாம் சீசன் வரை பொறுமையாகப் பார்க்கலாம். ஐந்தாவதில் களைப்பு தெரிகிறது. நால்வரும் மீண்டும் கூடிய 1979ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்தைப் பழைய நட்புக்காக ஒருமுறை பார்க்கலாம். கிளேர் டேன்ஸ், ஓமர் எப்ஸ், ஜியோவானி ரிபிசி நடித்த 1999ஆம் ஆண்டுத் திரைப்படத்தை விட்டுவிடுங்கள். உடையும் பெயர்களும் இருக்கின்றன, அவர்கள் யாரைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறார்கள் என்ற கேள்வியே அதில் இல்லை.

இன்னொன்று: ஒரே இரவில் நான்கைந்து கதைகளைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். வாரம் ஒன்று என்று எண்ணிச் செய்யப்பட்ட சரக்கு இது. அடுத்தடுத்துப் பார்த்தால் கடத்தப்பட்ட ஜூலியை மூன்றாம் முறை மீட்கும்போது கொட்டாவி வரும், சுவரோரம் நிற்கும் லிங்கைக் கவனிக்கவும் தவறிவிடுவீர்கள்.